பதினொன்றுக்குப் பூஜ்யம்: பெண் பிள்ளைகளின் கால்பந்தும் பெற்றோர் கணக்கும்

சென்ற ஆண்டு மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, 13 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு கிளப்புகள். பெயர்கள் வேண்டாம். இரண்டிலும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு கிளப்பில் வாரம் ஐந்து நாள் பயிற்சி, ஒரே நிறத்தில் ஜெர்சி, எல்லோர் காலிலும் பூட்ஸ். மற்றதில் பிள்ளைகள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கோல்கீப்பராக நின்ற பெண்ணுக்குக் கையுறை இரண்டு அளவு பெரிது. பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் கையுறையின் விரல் நுனி மடங்கிக்கொண்டது. ஆட்டம் முடிந்தபோது 11–0.

ஒன்பதாவது கோல் விழுந்தபோது ஓரத்தில் நின்று, “இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!” என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு காட்சிகளைப் பார்த்தேன். தோற்ற பக்கத்தில், கோல்கீப்பர் பெண்ணின் அப்பா அவள் கையுறையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, “நாளையிலேர்ந்து பந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒழுங்கா டியூஷனுக்குப் போ” என்றார். வென்ற பக்கத்தில், ஐந்து பிள்ளைகள் மாற்று ஆட்டக்காரர்களாகக் கடைசிவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு கோல் போட்ட ஆட்டத்தில் அவர்களுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருத்தியிடம் அவள் அம்மா, “ஜெயிச்சீங்களா பாப்பா?” என்று கேட்டார். “ஜெயிச்சோம்மா.” “நீ ஆடினியா?” அதற்குப் பதில் இல்லை.

அடுத்த மாதத்துக்குள் தோற்ற கிளப்பிலிருந்து மூன்று பேரும், வென்ற கிளப்பிலிருந்து இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தோற்றவர்கள் நின்றது புரிகிறது. வென்ற அணியிலிருந்து ஏன் இரண்டு பேர் நிற்க வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னைக் கொஞ்சம் படிக்க வைத்தது. படித்தவற்றை நம் சங்கத்துப் பெற்றோரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வாகை என்னும் சொல்

நம் முன்னோர் வெற்றிக்கு வாகை என்று பெயர் வைத்தார்கள். வென்றவர் வாகைப்பூச் சூடினார்கள். (நம் தீவுக் காட்டில் வளர்ந்து மரக்கடையில் ‘கோக்கோ’ என்று விற்கப்படும் மரம் இதே வாகைதான் என்பது பலருக்குத் தெரியாது.) ஆனால் தொல்காப்பியர் வாகைத் திணைக்கு இலக்கணம் சொல்லும் இடத்தைப் பார்த்தால் ஒரு வியப்பு உண்டு. வாகை என்றால் எதிரியை வீழ்த்துவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய கூற்றை, அதாவது தம் திறமையை, பிறரினும் மேம்பட உயர்த்திக் காட்டுவதே வாகை என்கிறார். அரசனுக்கு மட்டுமன்றி, ஓதுகிறவனுக்கும் உழுகிறவனுக்கும் தவம் செய்கிறவனுக்கும் வாகை உண்டு. போர்க்களத்து வெற்றி அந்தப் பெரிய பட்டியலில் ஒன்று, அவ்வளவே.

வெற்றி முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளைகளே சிரிப்பார்கள். பெரியவர்கள் கோல் கணக்கை மறைத்தாலும் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். ஜெயிக்க முயலாமல் ஆடும் ஆட்டத்தில் ருசி இல்லை. கேள்வி வேறு: 12 வயதுப் பெண் ஒருத்தியின் ஓர் ஆண்டுக் கால்பந்தை எதைக் கொண்டு அளப்பது? கோப்பையைக் கொண்டா, அடுத்த ஆண்டும் அவள் ஆட வருகிறாளா என்பதைக் கொண்டா?

கடலுக்கு அக்கரையில்

நம் அந்தமான் கடலின் கிழக்குக் கரை தாய்லாந்து. 2019 ஜூன் 11 அன்று, பிரான்சில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில், ரீம்ஸ் நகரில் தாய்லாந்து அணி அமெரிக்க அணியிடம் 13–0 என்று தோற்றது. பெண்கள் உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அது. அலெக்ஸ் மார்கன் ஒருவரே ஐந்து கோல் போட்டார். கடைசிக் கோல்களுக்கும் அமெரிக்கப் பெண்கள் குதித்துக் கொண்டாடியதைப் பார்த்து உலகமெங்கும் விவாதம் எழுந்தது. அது அநாகரிகம் என்றார்கள் சிலர். பாதியில் ஆட்டத்தைத் தளர்த்துவதுதான் எதிரணிக்கு அவமானம் என்றார்கள் வேறு சிலர்.

என் கருத்தில் இரண்டாம் கட்சிக்காரர்கள் சொல்வது உலகக் கோப்பைக்குப் பொருந்தும். அங்கே ஆடுகிறவர்கள் வளர்ந்தவர்கள். கோல் வித்தியாசமும் கணக்கில் சேரும். 12 வயதுப் பிள்ளைகளின் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து நடந்தது. ஜூன் 16இல் நீஸ் நகரில் அதே தாய்லாந்து அணி ஸ்வீடனோடு ஆடியது. அதிலும் 5–1 என்று தோல்விதான். ஆனால் அந்த ஒன்று! ஆட்டம் முடியும் நேரத்தில் அணித் தலைவி காஞ்சனா பந்தை வலைக்குள் அடித்தார். ஓரத்தில் நின்ற அணி மேலாளர் நுவல்பான் லாம்சம் கண்ணீர் விட்டு அழுதார். தோற்ற ஆட்டத்தில் போட்ட ஒரே கோலுக்கு ஓர் அணி முழுவதும் அப்படி மகிழ்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்களை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

இதே தாய்லாந்தை, அவர்கள் நாட்டிலேயே சியாங் மாயில், 2025 ஜூலை 5 அன்று நம் இந்தியப் பெண்கள் அணி 2–1 என்று வென்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டவை. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை.

அதற்கு முன்னால் நாமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தாம். 2022 அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. புவனேசுவரத்தில் நம் பிள்ளைகள் அமெரிக்காவிடம் 8–0, மொராக்கோவிடம் 3–0, பிரேசிலிடம் 5–0 என்று தோற்றார்கள். மூன்று ஆட்டம், பதினாறு கோல், பதிலுக்கு ஒன்றுமில்லை. அணித் தலைவி அஸ்தம் ஒராவோன் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துக் கிராமத்துப் பெண். அவர் பெயரைச் சொல்லி அந்தக் கிராமத்துக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலை வேலையில் அவருடைய பெற்றோரே தினக் கூலிக்கு வேலை செய்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 8–0 என்ற எண்ணை மட்டும் படித்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. ஏறத்தாழ அதே வயதுத் தலைமுறையைச் சேர்ந்த இந்திய 20 வயதுக்கு உட்பட்டோர் அணி, 2025 ஆகஸ்டில் யாங்கோனில் மியான்மரை 1–0 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தகுதி அது.

பன்னிரண்டு வயதில் யார் ஜெயிக்கிறார்கள்?

பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இது. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வருகிறது. ஆனால் ஒருத்திக்கு அது பத்தரையில் வரும், இன்னொருத்திக்குப் பதின்மூன்றரையில் வரும். ஆகவே 12 வயதுக்கு உட்பட்ட அணியில் நெட்டையாக, வேகமாக, பலமாகத் தெரிகிறவள் பெரும்பாலும் முன்கூட்டியே வளர்ந்தவள். பதினைந்து வயதில் மற்றவர்களும் வளர்ந்து அவளை எட்டிவிடுவார்கள். ஜெயிப்பதையே குறியாகக் கொண்ட பயிற்சியாளர் நெட்டைப் பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் பந்தை நீளமாக அடிக்கச் சொல்வார். கோல் விழும், கோப்பை வரும். ஆனால் அந்த நெட்டைப் பிள்ளையும் பந்தைக் காலில் வைத்து ஆடக் கற்றிருக்க மாட்டாள். குட்டைப் பிள்ளையோ பெஞ்சிலிருந்தே வீட்டுக்குப் போயிருப்பாள்.

பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. ஜனவரி முதல் தேதியை எல்லையாக வைத்து வயதுப் பிரிவு பிரித்தால், ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் வருவார்கள். பன்னிரண்டு வயதில் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களைப் பற்றி 1985இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தேர்வு பெற்றவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகம் என்று காட்டியது. அதன்பின் பல விளையாட்டுகளில் இதையே கண்டிருக்கிறார்கள். நம்மில் சிலர் இதை வேறு வழியில் ‘சரி செய்ய’ப் பார்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைப்பதைத்தான் சொல்கிறேன். பிள்ளைக்கு முதல் பாடமாகப் பொய்யைக் கற்றுக் கொடுத்து வாங்கும் கோப்பையை வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

நார்வேக்காரர்கள் இதற்கு ஒரு சட்டமே வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் விளையாட்டு பற்றி 1987இல் விதிகள் வகுத்து, 2007இல் அவற்றைக் குழந்தைகளின் உரிமைகளாக வெளியிட்டார்கள். அதன்படி 11 வயது ஆகும் ஆண்டுவரை புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டியும் கிடையாது. பிள்ளைகள் ஆடுவார்கள், கோலும் போடுவார்கள். ஆனால் பட்டியல் ஒட்டமாட்டார்கள். ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்கள் வாங்கி முதலிடம் பெற்றது. பட்டியல் ஒட்டாததால்தான் பதக்கம் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஒட்டாததால் பதக்கம் கெட்டுப்போகவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

முழங்கால் விஷயம்

ஜெயிக்கும் வெறியில் முதலில் பலியாவது முழங்கால். திடீரென்று திரும்பும்போது, குதித்து இறங்கும்போது, முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் கிழியும் ஆபத்து ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இரு மடங்குக்கும் அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, பல மாத ஓய்வு. நம் தீவிலிருந்து மேல் சிகிச்சைக்குச் சென்னைக்கு ஓடவேண்டி வந்தால் ஆகும் செலவும் அலைச்சலும் உங்களுக்கே தெரியும்.

இதற்கு மருந்து எளிது. நார்வேயில் 125 கிளப்புகளில் 13 முதல் 17 வயதுவரை உள்ள 1,892 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். அன்றாடப் பயிற்சியின் தொடக்கத்தில் 20 நிமிடம், ஒழுங்குபடுத்திய ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், முழங்கால் உள்ளே மடியாமல் குதித்து இறங்குதல் முதலிய பயிற்சிகளைச் செய்த கிளப்புகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்று அதற்குப் பெயர். கருவி எதுவும் வேண்டாம், ஒரு பந்தும் இடமும் போதும். இருந்தும் பல இடங்களில் செய்வதில்லை. காரணம் நேரம். டிசம்பரில் நம் ஊரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. பள்ளி விட்டு வந்து பூட்ஸ் கட்டுவதற்குள் இருட்டுகிறது. கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்தைக் குதிப்பதற்குக் கொடுக்கப் பயிற்சியாளருக்கு மனம் வருவதில்லை, அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறதே! இங்கேதான் பெற்றோர் பேசவேண்டும். “ஏன் சார் ஜெயிக்கலை?” என்று கேட்பதற்குப் பதில், “சார், பிள்ளைகளுக்கு அந்த இருபது நிமிஷப் பயிற்சி கொடுக்கிறீங்களா?” என்று கேட்கலாம்.

கடலூரும் மதுரையும்

“இதெல்லாம் சரி, இதனால் என் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்?” என்று நம்மவர் கேட்பது நியாயமே. கப்பலேறி வந்து, வேலை தேடி, குடும்பத்தை நிலைநிறுத்திய சமூகம் நாம். பயன் பார்க்காமல் எதையும் செய்து நமக்குப் பழக்கமில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி நம் நிக்கோபாரை அழித்த அதே காலையில் கடலூர் கரையையும் அழித்தது. அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அரசு இல்லம் ஒன்று அமைந்தது. மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அந்த இல்லத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். கடலூர் மாவட்டம் மெல்ல மெல்லப் பெண்கள் கால்பந்தின் விளைநிலம் ஆயிற்று. சுமித்ரா காமராஜ், இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்திய அணிவரை போனார்கள். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாடு முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023இல் அமிர்தசரசில் மறுபடியும். இடையில் 2019இல் மதுரையின் சேது கிளப் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார்.

நம் தீவுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. சுனாமி வந்தபோது 9 வயதுச் சிறுமியாக இருந்த டெபோரா ஹெரால்டு, 2015இல் சைக்கிள் பந்தயத்தின் 500 மீட்டர் பிரிவில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் பிடித்தார்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கடலூரில் அன்று பந்தைத் தொட்ட எல்லாப் பிள்ளைகளும் இந்திய அணிக்குப் போகவில்லை. போகவும் முடியாது. எந்தப் பிள்ளை போகும் என்று பன்னிரண்டு வயதில் யாராலும் சொல்லவும் முடியாது. ஆகவே எல்லோரையும் ஆட விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய பெண் ஆனதும் ஒரு தடை, பத்தாம் வகுப்பு வந்ததும் ஒரு தடை என்று ஏற்கெனவே நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு தடைகள் உள்ளன. 11–0 என்பதை மூன்றாவது தடையாக நாமே கட்டி எழுப்ப வேண்டுமா?

நம் மைதானங்களில் செய்யக்கூடியவை

கால்பந்து விதிகளே சிறுவர் ஆட்டங்களுக்குச் சலுகை தருகின்றன. மைதானத்தின் அளவு, கோல் கம்பத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம் ஆகியவற்றை வயதுக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். வெளியே போன ஆட்டக்காரர் மறுபடி உள்ளே வரவும் வழி உண்டு. ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதி ஆட்டமாவது கொடுப்பது என்று இரண்டு கிளப்புகள் பேசி முடிவு செய்தால் அதை யாரும் தடுக்கப் போவதில்லை. சில நாடுகளில் நான்கு கோல் பின்தங்கிய சிறுவர் அணி ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கிக்கொள்ளலாம். ஐந்து கோல் வித்தியாசம் வந்ததும், முன்னணியில் இருக்கும் அணி தன் பின்வரிசைப் பிள்ளைகளை முன்னால் அனுப்பலாம், இடது காலால் மட்டுமே கோல் அடிக்கவேண்டும் என்று தனக்குத் தானே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். எதிரணியைக் கேலி செய்வதுபோல் பந்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம். அது பதினோராவது கோலைவிட அதிகமாகச் சுடும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு இறங்கி ஓட வழியில்லை. அந்தக் கால் மணி நேரத்தில்தான் நம்மில் பலர் ஆட்டத்தை மறு ஒளிபரப்புச் செய்கிறோம். “அந்தப் பந்தை ஏன் விட்டே? அவ போட்டா, நீ ஏன் போடலை?” அதை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கொடுத்து, பசிக்கிறதா என்று கேட்டால் போதும். ஆட்டத்தைப் பற்றி அவளே பேச ஆரம்பிப்பாள். பேசாவிட்டாலும் குற்றமில்லை.

அந்தக் கோல்கீப்பர் பெண் அதன்பின் மைதானத்துக்கு வரவில்லை. அவள் அப்பாவை அபர்டீன் பஜாரில் அவ்வப்போது பார்க்கிறேன். “பொண்ணு எப்படி இருக்கா?” என்றால், “படிக்கிறா சார்” என்பார். அதற்குமேல் அவரும் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று பதினொன்றில் எட்டை நான் எண்ணினேன். ஆனால் அவள் தடுத்த பந்துகளை ஒருவரும் எண்ணவில்லை. நினைவிலிருந்து கூட்டிப் பார்த்தால் அவையும் பத்துக்குக் குறையாது. இந்த மழை ஓய்ந்து மைதானம் காய்ந்ததும், அவரிடம் போய் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சின்ன அளவில் ஒரு ஜோடிக் கையுறையும் வாங்கி வைத்திருக்கிறேன்.